கறிக்கு 5 லிட்டர் ட்ரைப்ளை குக்கர்: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

பருப்பும் சோறும் கிழங்கும் மட்டும் வேகவைக்கிற வீட்டுக்கு ட்ரைப்ளை குக்கர் தேவையில்லை. பழைய அலுமினியக் குக்கரே போதும். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து, ஒரு வாரம் சுக்கா, மறுவாரம் பாயா, அதற்கடுத்த வாரம் பிரியாணி என்று புதிது புதிதாகச் செய்து பார்க்கிற வீடு என்றால் தயங்காமல் வாங்கலாம். அலுமினியக் குக்கரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. அந்தக் கூடுதல் காசு முழுக்க அடிப்பகுதிக்குத்தான் போகிறது. கறிச் சமையலில் ருசி உண்டாவதும் கெடுவதும் அந்த அடிப்பகுதியில்தான்.

ட்ரைப்ளை என்றால் மூன்று அடுக்குத் தகடு. உள்ளே எவர்சில்வர், நடுவில் அலுமினியம், வெளியே காந்தம் ஒட்டுகிற எவர்சில்வர். நடுவில் இருக்கும் அலுமினியம் சூட்டை அடி முழுக்கவும், பக்கச் சுவர் வரைக்கும் பரப்புகிறது. கடையில் இதோடு சேர்த்து "சாண்ட்விச் பாட்டம்" என்று இன்னொன்றையும் காட்டுவார்கள். அதில் அலுமினியம் அடியில் ஒட்டிய வட்டத் தகட்டில் மட்டும் இருக்கும். சுவர் வெறும் எவர்சில்வர். தீ கொஞ்சம் பெரிதானாலும் வட்டம் முடிகிற ஓரத்தில் மசாலா வளையமாகக் கருகும். குழம்புக்கு அது பரவாயில்லை. வறுத்து வேகவைக்கிற கறிக்கு உடல் முழுக்க மூன்றடுக்கு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். வெறும் அலுமினியக் குக்கரும் சூடு பரப்புவதில் குறை வைக்காது, ஆனால் தக்காளி, தயிர், புளி, எலுமிச்சை எல்லாவற்றோடும் வினைபுரியும். தயிரில் ஊறிய கறியை அதில் வேகவைத்து, மிஞ்சியதை இரவு முழுக்க அதிலேயே விட்டால் காலையில் பாத்திரத்தின் உள்பக்கம் நிறம் மாறியிருக்கும், குழம்பில் உலோகச் சுவை ஏறியிருக்கும். எவர்சில்வரில் அந்தத் தொல்லை கிடையாது.

குக்கரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் விசிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புதுச் சமையல் குறிப்பு ஒன்றைப் பார்த்துச் செய்யும்போது கறி ரப்பராகவோ நாராகவோ போவதற்குப் பெரும்பாலும் காரணம் "5 விசில் விடவும்" என்கிற அந்த ஒரு வரிதான். உள்ளே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அளவுக்கு ஏறியதும் வெயிட் தூக்கிக்கொண்டு, மிச்ச நீராவியை வெளியே விடுகிறது. அதுதான் விசில். அந்த அழுத்தத்தில் உள்ளே சூடு சுமார் 120 டிகிரி செல்சியஸ். கறியை வேகவைப்பது அந்தச் சூட்டில் அது இருக்கிற நேரம். பெரிய பர்னரில் முழுத் தீயில் 5 விசில் 6 நிமிடத்தில் வந்துவிடும். சின்ன பர்னரில், பாத்திரமும் நிறைந்திருந்தால், அதே 5 விசிலுக்கு 15 நிமிடம்கூட ஆகும். குறிப்பு எழுதியவர் வீட்டு அடுப்பும் உங்கள் வீட்டு அடுப்பும் ஒன்றில்லை. அதனால் முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து, அந்த நொடியிலிருந்து கடிகாரத்தைப் பாருங்கள். சிம்மில் வெயிட் லேசாகச் சீறிக்கொண்டோ, மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை மெல்ல விசில் விட்டுக்கொண்டோ இருக்க வேண்டும். சத்தமே இல்லாமல் அடங்கிப்போனால் அழுத்தம் இறங்குகிறது என்று பொருள். தீயை ஒரு நூல் ஏற்றுங்கள்.

இந்த இடத்தில் ட்ரைப்ளை குக்கர் அலுமினியத்தை மிஞ்சுகிறது. அடி சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் சிம்மிலேயே அழுத்தம் நிலையாக நிற்கிறது, அடியும் பிடிப்பதில்லை. ஆனால் ஒன்று: அடுப்பை அணைத்த பிறகும் அழுத்தம் இறங்கக் கூடுதல் நேரம் எடுக்கும். 12 முதல் 15 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோழிக்கு இதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் குழைந்துவிடும்.

நிமிடக் கணக்கு இப்படி வரும். இளங்குட்டிக் கறி, எலும்போடு சிறு துண்டுகள் என்றால் முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் 15 நிமிடம். முற்றிய கிடாயோ செம்மறியோ என்றால் 22 முதல் 25. நல்லி எலும்பு 25. மாட்டுக்கறியில் தோள் பகுதி, கழுத்துப் பகுதி 25 முதல் 30. கேரளத்து முறையில் தேங்காய்ப் பல் போட்டு உலர்த்தி எடுப்பதாக இருந்தால் 25-இல் நிறுத்திவிடுங்கள், மீதி வாணலியில் வேகும். நாட்டுக்கோழி வயதைப் பொறுத்து 12 முதல் 20. பிராய்லர் கோழிக்கு 4 நிமிடமே அதிகம். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் குக்கருக்குள்ளும் சூடு சில டிகிரி குறையும். அங்கே இந்த நேரங்களோடு கால் பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் மின்சாரப் பிரஷர் குக்கர் வைத்திருப்பவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே கூட்டல்தான், அவற்றில் பல சற்றுக் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்பவை.

இனி சுக்கா. இந்தக் குக்கரின் தரத்தை அளக்க இதைவிட நல்ல பரீட்சை இல்லை, ஏனென்றால் வறுக்க வேண்டும், கொஞ்சமே தண்ணீரில் வேகவைக்க வேண்டும், கடைசியில் அதே பாத்திரத்தில் சுண்ட வைக்கவும் வேண்டும். முன்னங்கால் கறி 500 கிராம், எலும்போடு, சின்னத் துண்டுகளாக வெட்டச் சொல்லி வாங்குங்கள். தொடைக்கறி பார்க்க அழகாக இருக்கும், கொழுப்பும் சவ்வும் குறைவு, சுக்காவுக்கு வறண்டுபோகும். கழுவிய கறியை வடிதட்டில் 15 நிமிடம் விட்டு ஈரத்தை வடியுங்கள். வெறும் குக்கரை மிதமான தீயில் 3 நிமிடம் காயவைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். "சொய்" என்று காய்ந்துபோனால் சூடு போதாது. சொட்டு உருண்டு, முத்துபோல அடியில் ஓடினால் சரியான பதம். அப்போது நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி ஊற்றி, கறியில் பாதியை மட்டும் போட்டுப் பரப்புங்கள்.

அதன் பிறகு 2 நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எவர்சில்வர் குக்கர் வாங்கியவர்கள் "கறி ஒட்டுகிறது" என்று குறைபட்டுக்கொள்வது இந்த இரண்டு நிமிடப் பொறுமை இல்லாததால்தான். கறி முதலில் அடியைப் பிடித்துக்கொள்ளும். அப்போது கரண்டியால் நெம்பினால் பிய்ந்து வரும், பிய்ந்த சதை அடியில் கருகும். விட்டுவைத்தால் தொட்ட பக்கம் செம்பழுப்பாகி, தானே விட்டுக்கொடுக்கும். கரண்டி பட்டாலே நகரும். திருப்பிப் போட்டு இன்னொரு 2 நிமிடம். எடுத்து வைத்துவிட்டு மீதிப் பாதி. மொத்தக் கறியையும் ஒரே நேரத்தில் கொட்டினால் அடி குளிர்ந்து, கறி தண்ணீர் விட்டு, சாம்பல் நிறத்தில் அவிய ஆரம்பிக்கும். வறுக்கும் முன் உப்பு போட்டு ஊறவைத்தாலும் இதே கதிதான், ஈரம் வெளியே வந்துவிடும்.

இப்போது குக்கரின் அடியில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். அதுதான் சுக்காவின் மணம். கழுவிக் கொட்டிவிடாதீர்கள். தோலுரித்த சின்ன வெங்காயம் 150 கிராம் போட்டு வதக்கினால் வெங்காயத்தின் ஈரத்தில் படலம் நெகிழும். மரக்கரண்டியால் சுரண்டிச் சுரண்டிக் கலந்துவிடுங்கள். ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, அரைத் தேக்கரண்டி மஞ்சள், ஒரு தேக்கரண்டி உப்பு, எடுத்து வைத்த கறி, 100 மில்லி கொதிநீர். இதற்கு மேல் தண்ணீர் வேண்டாம், கறியே நிறைய விடும். மூடி, வெயிட் போட்டு, முதல் விசிலுக்குப் பின் சிம்மில் 15 நிமிடம். அணைத்துவிட்டு, தானாக அடங்கும் வரை தொடாதீர்கள்.

மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் இதுவரை போடவில்லை என்பதைக் கவனியுங்கள். தூள் கனமானது, அடியில் போய்ப் படியும். இவ்வளவு குறைந்த தண்ணீரில் மூடி வேகும்போது முதலில் கருகுவது அதுதான், எவ்வளவு நல்ல குக்கராக இருந்தாலும். திறந்த பிறகு மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, மல்லித்தூள் 2 தேக்கரண்டி சேர்த்து, மிதமான தீயில் 8 முதல் 10 நிமிடம் கிளறிச் சுண்டவிடுங்கள். எண்ணெய் பிரிந்து கறியில் மசாலா ஒட்டியதும், அப்போதே பொடித்த மிளகு 2 தேக்கரண்டி, சோம்பு ஒரு தேக்கரண்டி, இரண்டு ஆர்க்கு கறிவேப்பிலை. வாணலிக்கு மாற்றவே தேவையில்லை. சுண்டவைக்கும் இந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் மெல்லிய அடியுள்ள குக்கர் நம்மை நின்று கிளற வைத்துக் கையை ஓய்த்துவிடும். ட்ரைப்ளையில் நிமிடத்துக்கு ஒரு கிளறல் போதும்.

ஆட்டுக்கால் பாயாவுக்கு வறுக்கும் வேலை இல்லை, ஆனால் பிரஷர் குக்கர் பிறந்ததே இந்த மாதிரிச் சமையலுக்குத்தான். 1679-இல் லண்டனில் டெனி பாபின் இதன் முதல் வடிவத்தைச் செய்து காட்டியபோது, எலும்பை மெத்தென்று வேகவைக்கிற கருவி என்றுதான் காட்டினார். சுட்டுச் சுத்தம் செய்த கால் 4, ஒவ்வொன்றும் மூன்று நான்கு துண்டு. முதலில் மூடாமல் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, மேலே வரும் நுரையை எல்லாம் அள்ளிவிடுங்கள். இந்த நுரையோடு மூடினால் நீராவிக் குழாயில் ஏறி அடைக்கும், இது சுத்தத்தைவிடப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம். பிறகு தண்ணீர் 1.2 லிட்டர், மஞ்சள், உப்பு, தட்டிய பூண்டு 8 பல், பச்சைமிளகாய் 4. முதல் விசிலுக்குப் பின் சிம்மில் 45 நிமிடம். வெந்ததா என்று பார்க்கக் குழம்பை ஒரு சொட்டு எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்திப் பிரியுங்கள். விரல் ஒட்டிக்கொண்டு பிரிந்தால் தோலிலும் தசைநாரிலும் இருந்த கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகி இறங்கிவிட்டது. ஒட்டவில்லை என்றால் இன்னொரு 10 நிமிடம். தேங்காய்ப்பாலைத் திறந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். அழுத்தத்தில் வைத்தால் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும்.

பிரியாணிக்கு 5 லிட்டர் குக்கரில் சீரகச் சம்பா அரை கிலோ, கறி முக்கால் கிலோ, அதுதான் எல்லை. அரிசிபோல வெந்து உப்புகிற பொருளென்றால் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, அதாவது 2.5 லிட்டர். ஒரு கிலோ அரிசி போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிரியாணி குழைவதற்கு வேறொரு காரணம் உண்டு. கறி வெந்த சாற்றை அளக்காமல், அரிசிக்கு ஒன்றரை மடங்கு தண்ணீரைத் தனியாக ஊற்றுவதுதான் அது. கறியை மசாலா, தயிரோடு 12 நிமிடம் வேகவைத்துத் திறந்து, துண்டுகளை எடுத்துவிட்டு, சாற்றை அளவுக் கோப்பையில் ஊற்றிப் பாருங்கள். அதையும் சேர்த்துத்தான் ஒன்றரை மடங்கு வர வேண்டும். அளந்த கையோடு அடியில் படிந்த மசாலாவை முழுக்கச் சுரண்டிக் கலக்குங்கள். 20 நிமிடம் ஊறி வடித்த அரிசியும் கறியும் போட்டுத் திறந்தபடி கொதிக்கவிட்டு, தண்ணீர் அரிசி மட்டத்துக்கு இறங்கியதும் மூடி, வெயிட் போட்டு, சிம்மில் 5 நிமிடம், அணைத்து 15 நிமிடம். அடி தடிமனாக இருப்பதால் தம்முக்குத் தோசைக்கல்லைக் கீழே வைக்கும் வேலை மிச்சம்.

குக்கர் உதவாத இடங்களையும் சொல்ல வேண்டும். ஈரலை மூடி வேகவைத்தால் சுண்ணாம்புக்கட்டிபோல ஆகும். கோலா உருண்டைக்குக் கொத்துக்கறியைக் குக்கரில் வேகவைத்தால் நீர்த்துப்போய் உருண்டை பிடிக்காது, எண்ணெயில் உடையும். பள்ளிபாளையம் சிக்கன் மசாலாத்தூளே இல்லாமல் காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல்லோடு வதங்கி வருவது. பிராய்லர் கோழி விடுகிற தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மூடினால் அது பள்ளிபாளையமாக இருக்காது, வெள்ளைக் குழம்பாக இருக்கும். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு குக்கரின் உடலையே வாணலியாகப் பயன்படுத்தினால் அருமையாக வரும்.

மூடி விஷயத்தில் எங்கள் தேர்வு வெளி மூடி. உள்ளே நுழைத்துத் திருப்பிப் பூட்டுகிற உள் மூடி, அழுத்தம் இருக்கும்போது திறக்கவே முடியாது என்பதால் நம்பிக்கையானது. ஹாக்கின்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்த அமைப்பு நன்றாகத் தெரியும். ஆனால் வாய் உடலைவிடக் குறுகலாக இருக்கும். கறியைப் பரப்பி வறுக்கவும், ஓரத்தைச் சுரண்டவும், சுண்டவைக்கும்போது ஆவி வெளியேறவும் அகன்ற வாய் வேண்டும். வறுவலே செய்யாத, குழம்பும் பாயாவும் மட்டும் வைக்கிற வீட்டுக்கு உள் மூடி நல்லது.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 2347 என்கிற எண்ணும் உடலில் பதிந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். 2021 பிப்ரவரி முதல் இந்தியாவில் வீட்டு பிரஷர் குக்கருக்கு இது கட்டாயம். சமதளக் கல்லில் வைத்து ஆட்டிப் பாருங்கள், ஆடினால் இண்டக்‌ஷனில் ஒரு பக்கம்தான் சூடேறும். அந்தக் கம்பெனியின் காஸ்கெட்டும் சேஃப்டி வால்வும் உங்கள் ஊர் பாத்திரக்கடையில் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். காஸ்கெட் கிடைக்காத குக்கர், எத்தனை அடுக்கு இருந்தாலும், வெறும் குண்டான்.

பராமரிப்பு அதிகமில்லை. உப்பைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வைக்காதீர்கள், எவர்சில்வர் அடியில் வெள்ளைப் புள்ளிகளாகக் குழி விழும். கொதித்த பிறகு போடுங்கள். வானவில் நிறத்தில் திட்டு வந்தால் அது பழுதில்லை, எலுமிச்சைத் தோலால் தேய்த்தால் போய்விடும். அவசரத்துக்குக் குழாயடியில் காட்டி அழுத்தத்தை இறக்குவதைக் கறிக்குச் செய்யவே கூடாது: குக்கருக்குள் அழுத்தம் சட்டென்று விழும்போது கறிக்குள் இருக்கும் சாறு கொதித்து வெளியேறும், தின்றால் நாராகக் கடிபடும். ஒவ்வொரு தடவையும் மூடும் முன் நீராவிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணால் பாருங்கள். ஒரு கறிவேப்பிலை, ஒரு வெங்காயச் சருகு, உறைந்த கொழுப்பு, அடைக்க இது போதும்.

கடைசியாகக் காஸ்கெட். ரப்பர் கறி வாசனையைக் குடித்துக்கொள்ளும், சோப்பு போட்டாலும் விடாது. ஞாயிறு பாயா வைத்த வளையத்தோடு திங்கள் பொங்கல் வைத்தால் நெய்யையும் மீறி ஆட்டு வாடை வரும். வாங்கும்போதே இரண்டாவது காஸ்கெட் ஒன்று எடுத்துக்கொண்டு, கறிக்கானதில் ஒரு நூல் கட்டி அடையாளம் வைத்து, தனி ஆணியில் மாட்டிவிடுங்கள்.